குளம்போசை வரும் இடத்தில்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு வயது 42. மேலூர் பக்கம் ஒரு கிராமம். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். மனைவி, பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகன். குடி, சீட்டு என்று எந்தப் பழக்கமும் எனக்கு இல்லை. சம்பளத்தை முழுதாக வீட்டில் கொடுத்துவிடுகிறேன். எனக்கென்று இருப்பது ஒரே ஒரு பிரியம், ஒரு தொலைக்காட்சித் தொடர். அதற்காக என் வீட்டிலேயே நான் படும் அவமானத்தை யாரிடம் சொல்வதென்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மர்மதேசம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, பெரும்பாலும் நாகா இயக்கம், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து. தொண்ணூறுகளில் சன் டிவியில் ரகசியம் என்ற கதையோடு தொடங்கியது. பிறகு விடாது கருப்பு, சொர்ண ரேகை, இயந்திரப் பறவை, எதுவும் நடக்கும் என்று வரிசையாக வந்தன. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். ஆனால் என் உயிர் விடாது கருப்பு. தப்புச் செய்கிறவனைக் கருப்புசாமி குதிரையில் வந்து தண்டிக்கிறது என்று ஓர் ஊரே நம்பும். உண்மையில் அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் கதை. ராஜேந்திரன் சிறுவனாக இருந்த காலமும் அவன் வளர்ந்த பிறகான காலமும் மாறி மாறி வரும். முதல் முறை பார்க்கும்போது குழப்பும். இரண்டாம் முறை பார்த்தால், விடை நம் கண்ணெதிரிலேயே இருந்ததும் நாம்தான் கவனிக்காமல் விட்டோம் என்பதும் தெரியும்.

இதுவரை பதினோரு முறை முழுதாகப் பார்த்திருக்கிறேன். 2021-க்குப் பிறகு மட்டும் ஏழு முறை. தேதிகளைக் கைப்பேசியில் குறித்து வைத்திருக்கிறேன். இப்போது யூடியூபிலேயே கிடைப்பதால் வசதியாக இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் எல்லோரும் படுத்த பிறகு முன்னறையில் உட்கார்ந்து பார்ப்பேன். யாருக்கும் தொந்தரவு கிடையாது.

இதில்தான் பிரச்சினை. "முடிவு தெரிந்த கதையை எத்தனை முறைதான் பார்ப்பீர்கள்?" என்று மனைவி கேட்கிறாள். ஒரு நாள் கேட்டால் பரவாயில்லை. உறவுக்காரர்கள் வந்திருக்கும்போது, அவர்கள் முன்னால், "இவருக்குக் கருப்பு பிடித்திருக்கிறது" என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக மனதில் வைத்திருக்கும் ஒன்றை இப்படிப் பேசினால் எப்படி இருக்கும்? அவள் விரும்பிப் பார்க்கும் தொடர்களைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

மகன் இன்னும் மோசம். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டலாம் என்று எவ்வளவோ ஆசைப்பட்டேன். நான் முதலில் பார்த்தபோது எனக்குக் கிட்டத்தட்ட அவன் வயதுதான், இரண்டு வயது குறைவு. நான்கு பகுதிகள் பார்த்தான். "படம் மங்கலாக இருக்கிறது, மெதுவாகப் போகிறது" என்று எழுந்து போய்விட்டான். போனவன் சும்மா இருந்தானா? கடைசிப் பகுதியை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு, கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் மைத்துனர் மகளிடம் முடிவைச் சொல்லிவிட்டான். அந்தப் பெண் என்னோடு ஆறு நாட்களாக ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு அவள் வந்து உட்காரவில்லை. எனக்கு ஏற்பட்ட கோபத்தில் மகனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அதற்கும் வீட்டில் என்மீதுதான் குற்றம்.

இன்னொன்று. 2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார். எங்கள் மாவட்டத்திலேயே வாழ்ந்த மனிதர், ஒரு முறைகூட நேரில் போய்ப் பார்க்கவில்லையே என்று அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் ஒருவரும் "ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்கவில்லை. மனைவி வழக்கம்போலக் கறிக்குழம்பு வைத்தாள். மகன் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். வெளியிலிருந்துதான் அழைப்புகள் வந்தன. பள்ளி நண்பர்கள் இரண்டு பேர், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நான்கைந்து பேர், அக்காகூட ஒரு முறை. எனக்கு யாரிடமும் பேசும் மனநிலை இல்லை. எடுக்கவில்லை.

இந்தத் தொடர் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். அப்போது எங்கள் வீட்டில் கேபிள் இல்லை. ஊரில் ஆசிரியர் ஒருவர் வீட்டில்தான் இருந்தது. ஒளிபரப்பாகும் அன்று அக்காவும் நானும் அங்கே போய்ப் பார்ப்போம். எனக்குப் பதின்மூன்று வயது, அவளுக்குப் பத்தொன்பது. திரும்பி வரும் வழியில் எங்கள் ஊர்க் கருப்பு கோவில். தெருவிளக்கு கிடையாது. ஊன்றிவைத்திருக்கும் அரிவாள்கள் இருட்டிலும் தெரியும். எனக்குக் கால் நகராது. அக்கா கோவில் பக்கமாக நடப்பாள், என்னை அந்தப் பக்கம் விடமாட்டாள். குதிரை ஓசையை நாக்கால் தட்டிக் காட்டிப் பயமுறுத்துவாள், பிறகு அவளே கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்து, யார் செய்திருப்பார்கள் என்று பாயில் படுத்துக்கொண்டே பேசுவோம். அம்மா அதட்டும்வரை பேசுவோம். பிறகு அவள் பஞ்சாலைக்கு வேலைக்குப் போனதும் முதல் காரியமாக வீட்டுக்குக் கேபிள் இழுத்தாள். அடுத்த கதையை எங்கள் வீட்டு முன்னறையிலேயே பார்த்தோம். அப்படி ஒரு ரசிகர்கள் நாங்கள். இதையெல்லாம் என் மகனிடம் சொன்னால் அவனுக்கு எப்படிப் புரியும்?

மனைவி கேட்கும் கேள்விக்கே மறுபடியும் வருகிறேன். முடிவு தெரிந்தால் என்ன? கோவிலுக்குத் தினமும் போகிறவரிடம் "சாமியைத்தான் நேற்றே பார்த்தீர்களே" என்று யாராவது கேட்பார்களா? என்னை மட்டும் ஏன் கேட்கிறார்கள்? இப்போது புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறாள். "உங்களுக்குத் தூக்கம் கெட்டுவிட்டது, மருத்துவரைப் பாருங்கள்" என்கிறாள். தூக்கம் கொஞ்சம் குறைந்திருப்பது உண்மைதான். ஒரு மணி, ஒன்றரை மணி ஆகிவிடுகிறது. அதற்குத் தொடர் காரணமில்லை. சத்தமாகக்கூட நான் வைப்பதில்லை. குதிரைக் குளம்போசை வரும் இடங்களில் ஒலியை நானே குறைத்துவிடுகிறேன், கொஞ்ச காலமாகவே அப்படித்தான், வயதாகிறது இல்லையா, திடீர்ச் சத்தம் ஒத்துக்கொள்வதில்லை. பிறகு எப்படித் தொந்தரவு என்று சொல்ல முடியும்?

இதற்கு நடுவில் அக்கா வீட்டுப் பேச்சை வேறு மனைவி எடுக்கிறாள். அது முடிந்துபோன விஷயம். அப்பா கட்டிய வீடு இது. அவர் 2009-இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா 2020 ஜூலையில், ஊரடங்கு நேரத்தில் போய்விட்டார். அக்கா திருப்பூரில் இருந்தார், இ-பாஸ் கிடைத்து அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசி நேரத்தில் நான் ஒருவன்தான் பக்கத்தில் இருந்தேன். வீடு எனக்கு என்று அம்மா சொன்னதாக அக்காவிடம் சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டு, தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் 2021-இல் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். நான் கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த வருடம் திடீரென்று, "அழகர்கோவிலுக்கு வா, பதினெட்டாம்படியில் நின்று அம்மா அப்படித்தான் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல், போதும்" என்று அழைத்தார். அவருடைய கணவர் தூண்டிவிட்டிருக்க வேண்டும். சங்கத்தில் அப்போது தணிக்கை நடந்துகொண்டிருந்தது. போக முடியவில்லை. அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. "வீட்டைப் பார்த்துக்கொள்ளடா" என்று அம்மா என்னிடம் சொன்னதை நான் கோவிலில் போய் நிரூபிக்க வேண்டுமா? இதை எதற்குச் சொல்ல வந்தேன் என்றால், தொடர் பார்ப்பதைத் தடுக்க முடியாதபோதெல்லாம் மனைவி இந்தப் பேச்சை எடுக்கிறாள் என்பதற்காகத்தான்.

என் கேள்வி இதுதான். ஒரு மனிதன் நல்ல தொடர் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது மனநோயா? என் ரசனையை மதிக்காத மனைவியையும் மகனையும் வைத்துக்கொண்டு நான் எப்படி நிம்மதியாக இருப்பது?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிடித்த தொடரைப் பதினோரு முறை பார்ப்பது நோயில்லை. மனம் அலைபாயும் காலத்தில் தெரிந்த கதைக்குத் திரும்புவது பலரும் செய்வதுதான். அடுத்து என்ன வரும் என்பது தெரியும், எந்த இடத்தில் பயப்பட வேண்டும், எந்த இடத்தில் மூச்சுவிடலாம் என்பது தெரியும். வாழ்க்கை தராத அந்த உறுதியைக் கதை தருகிறது. நானும் அந்தத் தொடரைப் பார்த்தவள்தான். அதனால் உங்கள் ரசனைக்கு என்னிடம் நீங்கள் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. முடிவை இங்கே எழுதவும் மாட்டேன், இனிமேல் பார்க்கப்போகிறவர்கள் இருக்கலாம்.

உறவுக்காரர்கள் முன்னால் மனைவி சிரித்தது தவறு. அதை அவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். மகன் முடிவைச் சொன்னது பதினைந்து வயதுக் குறும்பு. அதற்குக் கை ஓங்கியது அந்தக் குறும்பைவிடப் பெரிய தவறு, அவனிடம் வருத்தம் தெரிவியுங்கள். இவை இரண்டையும் இத்தோடு விடுகிறேன். நீங்கள் எனக்கு எழுதியது இவற்றுக்காக என்று நான் நினைக்கவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். "குதிரைக் குளம்போசை வரும் இடங்களில் ஒலியை நானே குறைத்துவிடுகிறேன்." இதைத் தூக்கம் பற்றிப் பேசும்போது போகிறபோக்கில் சொல்லி, உடனே வயதின்மீது போட்டுவிட்டீர்கள். நாற்பத்திரண்டு ஒரு வயதா, தம்பி? அந்தத் தொடரின் உயிரே அந்த ஓசைதான். இருட்டில் தூரத்தில் எங்கோ தொடங்கி நெருங்கி வருகிற அந்தச் சத்தத்துக்காகத்தான் அந்நாளில் ஊரே காத்திருந்தது. நீங்களும் உங்கள் அக்காவும் அதை நாக்கால் தட்டி விளையாடியவர்கள். இருபத்தைந்து ஆண்டுக்கும் மேலாக அதை நேசித்த ரசிகர், மிகச் சரியாக அந்த இடத்தில் கைப்பேசியை எடுத்து ஒலியைக் குறைக்கிறார் என்றால் அதற்குக் காரணம் காது இல்லை.

இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதத்தை மூன்றாம் முறை படித்தேன். மர்மக்கதை ரசிகர் நீங்கள், எப்படிப் படித்தேன் என்பது உங்களுக்குப் புரியும். விடை கண்ணெதிரிலேயே இருக்கும் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள்.

பதினோரு முறை பார்த்ததில் ஏழு முறை 2021-க்குப் பிறகு என்கிறீர்கள். அதற்கு முன்னால் இருபது ஆண்டுகளுக்கு மேல் நான்கே முறை. யூடியூப் வசதி ஒரு காரணமாக இருக்கலாம். 2021 உங்கள் அக்கா கையெழுத்துப் போட்ட ஆண்டும்கூட.

கருப்பு கோவில் வழியாக நடந்த இரவுகளை எழுதும்போது "நடப்பாள், விடமாட்டாள், பிடித்துக்கொள்வாள்" என்று எழுதுகிறீர்கள். பத்திரத்தைப் பற்றி எழுதத் தொடங்கியதும் அதே அக்கா "அவர்" ஆகிவிடுகிறார். "கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார், அழைத்தார்." நீங்கள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டீர்கள். பாயில் பக்கத்தில் படுத்திருந்தவளைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போக உங்கள் கைக்கே மனம் வரவில்லை. அதனால் அவளைத் தூரத்து மனுஷியாக்கி மரியாதை கொடுத்துவிட்டது.

மூன்றாவதாகச் சொல்லப்போவது கடினமானது. அக்காவிடம் நீங்கள் சொன்னது, "வீடு எனக்கு என்று அம்மா சொன்னதாக." கடிதத்தின் முடிவில், கோபத்தில், அம்மாவின் வாய்ச்சொல்லாகவே நீங்கள் எழுதியது, "வீட்டைப் பார்த்துக்கொள்ளடா." இரண்டும் ஒன்றா, தம்பி? ஊரடங்கில் மகள் வர முடியாமல் திருப்பூரில் கிடக்க, ஒரே பிள்ளை பக்கத்தில் இருக்க, கண்மூடப்போகிற தாய் "வீட்டைப் பார்த்துக்கொள்" என்கிறார். கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள் என்று இருக்கலாம். விளக்கு வைக்க மறக்காதே என்று இருக்கலாம். அக்கா வந்து போக ஒரு வீடு இருக்கட்டும் என்றுகூட இருக்கலாம். நம் தாய்மார்கள் வீடு என்று சொல்லும்போது பல நேரம் குடும்பத்தைத்தான் சொல்கிறார்கள். எது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் முழுதாகத் தெரியாது என்றே நினைக்கிறேன். ஆனால், "எனக்கு" என்ற சொல்லை அம்மா சொல்லவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதை நீங்கள் சேர்த்தீர்கள். துக்கத்தில் சேர்த்தீர்களா, ஆசையில் சேர்த்தீர்களா, கடைசி நாட்களில் தனியாகப் பார்த்துக்கொண்டவன் என்ற உரிமையில் சேர்த்தீர்களா என்று நான் விசாரிக்கப் போவதில்லை. மூன்றும் கலந்திருக்கும், மனித மனம் அப்படித்தான்.

நான் தவறாகப் படித்திருந்தால், அம்மா உண்மையிலேயே வீடு உங்களுக்கு என்று சொல்லியிருந்தால், நீங்கள் பதினெட்டாம்படிக்குப் போயிருப்பீர்கள். அழகர்கோவில் உங்களுக்குத் தூரமில்லை. தணிக்கை எத்தனை நாள் நடந்திருக்கும்? அது முடிந்து இத்தனை வருடமாகிவிட்டது.

அந்தப் படியைப் பற்றி உங்கள் பக்கத்துக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே கருப்பனுக்கு உருவம் கிடையாது, சந்தனம் பூசிய கதவுதான் சாமி. தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கலையும் பங்குச் சண்டையையும் அந்தக் கதவின் முன்னால் சத்தியம் செய்து தீர்த்துக்கொண்ட மக்கள் நீங்கள். சித்திரையில் மதுரைக்குப் புறப்படும் அழகரே அங்கே நின்று நகைக் கணக்கைக் காட்டிவிட்டுத்தான் போகிறார் என்பார்கள். உங்கள் அக்கா நீதிமன்றத்துக்குப் போகவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பவில்லை. பங்கைத் திருப்பிக்கொடு என்று அன்று கேட்டதாகவும் நீங்கள் எழுதவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள். கணவர் தூண்டிவிட்டார் என்று எழுதுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தம்பி பொய் சொல்லியிருக்க மாட்டான் என்று நம்புவதற்கு அவள் தேடிய கடைசி வழி அது. நீங்கள் அங்கே வந்து நின்றிருந்தால் மனநிறைவோடு வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருப்பாள்.

இந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை, தம்பி. அதை மறைத்துப் பேசினால் நீங்கள் என்னிடம் வைத்த நம்பிக்கைக்குத் துரோகம். ஆனால் உங்கள்மீது எனக்குக் கோபமும் இல்லை. முழுக்க மரத்துப்போன மனமாக இருந்திருந்தால் குளம்போசையை முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். உங்கள் மனம் ஒவ்வோர் இரவும் அந்தக் கதைக்குப் போகிறது, தப்புச் செய்தவனைத் தேடிக் குதிரை வருகிற இடம்வரை போகிறது, அங்கே நின்று ஒலியைக் குறைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. ஏழு முறை அப்படிப் போய்த் திரும்பியிருக்கிறீர்கள். நீங்கள் உட்கார்ந்து பார்க்கும் முன்னறை எது என்பதையும் எண்ணிப் பாருங்கள். பஞ்சாலைச் சம்பளத்தில் கேபிள் இழுத்து, அவள் உங்களை உட்காரவைத்த அதே அறை.

கருப்பு உங்களைத் தண்டிக்கும் என்று நான் பயமுறுத்தவில்லை. அப்படி ஒரு பயம் உள்ளே இருந்தால் அதற்காக ஒரு மருத்துவரைப் பார்ப்பதில் தவறும் இல்லை. நள்ளிரவு ஒன்றரை மணிவரை தூக்கம் வராமல் நாட்கள் போவதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் உங்கள் மனைவி. அவரைத்தான் ரசனை இல்லாதவர் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். "முடிவு தெரிந்த கதையை எத்தனை முறை பார்ப்பீர்கள்" என்று அவர் கேட்டதையும், நடுவில் அக்கா பேச்சை எடுப்பதையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். உங்களைத் தூங்கவிடாதது எது என்று அந்தப் பெண்ணுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. சொல்லும் முறை வேண்டுமானால் சரியில்லை என்பேன்.

மனைவியும் மகனும் உங்களோடு பார்க்காததும் ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று யோசியுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காரவைக்க நினைப்பது ஒரு பார்வையாளரையா? பகுதி முடிந்ததும் பாயில் படுத்து "யார் செய்திருப்பார்கள்?" என்று பேச ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆளை மகனிடம் தேடினீர்கள், மைத்துனர் மகளிடம் தேடினீர்கள். அவர்களால் அந்த இடத்தில் உட்கார முடியாது, அவர்கள் உட்காராததற்கு அவர்கள்மீது குற்றமும் இல்லை. எழுத்தாளர் மறைந்த அன்று உங்கள் துக்கம் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருத்திக்குத் தெரிந்தது. பேச்சுவார்த்தை அறுந்துபோயிருந்தும், வெட்கத்தையும் கோபத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, தம்பி இன்று சாப்பிட்டிருக்க மாட்டான் என்று திருப்பூரிலிருந்து அழைத்தாள். அந்த அழைப்பை வாட்ஸ்அப் குழுக்காரர்களுக்குப் பின்னால், வரிசையின் கடைசியில், "அக்காகூட" என்று போட்டிருக்கிறீர்கள்.

இனி செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களுக்கே தெரிந்ததுதான். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தை சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. அம்மாவும் உயில் எழுதவில்லை என்றால் அவருடைய பங்கும் உங்கள் இருவருக்கும் சமமாகத்தான் வரும். ஆக, உங்கள் அக்கா விட்டுக்கொடுத்தது பாதி வீடு, அதுவும் நீங்கள் சொன்ன ஒரு வாக்கியத்தை நம்பி. அதைத் திருப்பித் தர வேண்டும் என்று முடிவெடுத்தால் செட்டில்மென்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. விவரத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பத்திரத்தோடு போய் நிற்காதீர்கள். முதலில் சொல்ல வேண்டியது அம்மா உண்மையில் என்ன சொன்னார் என்பதை. அந்த நான்கு எழுத்து வித்தியாசத்தை நீங்கள் வாயால் சொல்ல வேண்டும், அவள் காதால் கேட்க வேண்டும். அம்மாவின் கடைசி வார்த்தைகளைக் கேட்கும் உரிமை அவளுக்கும் உண்டு. ஊரடங்கு ஒரு முறை அதைப் பறித்தது, பிறகு நீங்கள் பறித்துவிட்டீர்கள். வீட்டில் பாதியைவிட அந்த வார்த்தைகள்தான் அவளுக்குப் பெரிய சொத்தாக இருக்கும்.

அவள் கோபப்படலாம். கைப்பேசியை வைத்துவிடலாம். அவள் கணவர் பேசக்கூடாததைப் பேசலாம். உண்மையைச் சொன்ன உடனே மன்னிப்புக் கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மறுபடியும் அழையுங்கள். எடுக்கவில்லை என்றால் திருப்பூருக்குப் பஸ் ஏறுங்கள். மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள், அவர் வருவார்.

எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தயங்குவீர்கள். 2024 நவம்பர் 10 அன்று வந்த அந்த அழைப்பிலிருந்து தொடங்குங்கள். "அன்று நீ அழைத்தாய், நான் எடுக்கவில்லை" என்று சொல்லுங்கள். அவளும் அன்று சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.

இன்னும் ஒன்றும் கேட்க வேண்டும். இருட்டில், தெருவிளக்கு இல்லாத வழியில், அரிவாள்கள் ஊன்றிய பக்கமாகத் தான் நடந்து தம்பியை மறுபக்கம் நடக்கவிட்டாளே, அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குப் பயமாக இருந்ததா என்று. இத்தனை வருடத்தில் நீங்கள் அதைக் கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்